பேரிங் சீட் தேய்ந்த ஷாப்ட்: பஞ்ச், லாக்டைட், ஸ்லீவ், வெல்டிங், புதுசு – எதற்கு எது?

ஷாப்டில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து, பேரிங் கையாலேயே உருவி வருகிற அளவுக்குப் போய்விட்டால் நம் முன்னால் ஐந்து வழி இருக்கிறது. பஞ்ச் அடித்து ஏற்றலாம், லாக்டைட் என்ற பசையை ஊற்றி ஒட்டலாம், தேய்ந்த இடத்தைக் கடைந்து இறக்கி அதன்மேல் ஸ்லீவ் என்கிற இரும்புக் குழாய் வளையம் போடலாம், வெல்டிங் வைத்து மறுபடி கடையலாம், இல்லையென்றால் ஷாப்டையே புதிதாகச் செய்துவிடலாம். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு ஒரு நாலரை அடி லேத்தும் ஒரு வெல்டிங் செட்டும் வைத்திருக்கிறவர்கள் பெரும்பாலும் எது மலிவு, எது சீக்கிரம் முடியும் என்று பார்த்தே முடிவெடுக்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்விகள் மூன்று இருக்கின்றன: எதனால் தேய்ந்தது, எவ்வளவு தேய்ந்தது, தேய்ந்த இடத்தின் வழியாக என்ன சுமை போகிறது. இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் ஐந்தில் மூன்று வழி தானாகவே கழிந்துபோகும்.

நெல்லை மாவட்டத்தில் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், முக்கூடல் பக்கமெல்லாம் வீட்டுப் பட்டறைக்கு வருவது பெரும்பாலும் கிணற்று மோனோபிளாக் மோட்டார் (மோட்டாரும் பம்பும் ஒரே ஷாப்டில் இருப்பது), மாவு மில் ஷாப்ட், கிரைண்டர், கரும்புச்சாறு மிஷின் இவைதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தில் முங்கிய மோட்டார்களைக் காயவைத்து, காயிலை மட்டும் பார்த்துவிட்டு, பேரிங்கை மாற்றாமல் ஓட்டியவர்கள் நிறையப் பேர். பேரிங்குக்குள் வண்டல் போய்விட்டால் உருளைகள் சுற்றுவது இறுகும். அப்புறம் உள்வளையம் ஷாப்ட் மேலேயே வழுக்கிச் சுற்ற ஆரம்பிக்கும். தேயப்போவது ஷாப்ட்தான், ஏனென்றால் பேரிங் வளையம் கடினப்படுத்திய எஃகு, ஷாப்ட் சாதாரண ஈஎன் 8 என்ற நடுத்தரக் கார்பன் எஃகு அல்லது அதற்கும் மெத்தென்ற இரும்பு.

அதனால் பேரிங்கை உருவியதும் உடனே துடைத்துவிடாதீர்கள். அந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். காய்ந்த செம்பழுப்புப் பொடி ஒட்டியிருந்தால், தொடக்கத்திலிருந்தே பொருத்தம் தளர்வாக இருந்து, ஒவ்வொரு சுற்றிலும் நுணுக்கமாக அசைந்து அசைந்து தேய்ந்திருக்கிறது. கண்ணாடிபோல மின்னி, ஓரத்தில் நீலம் பாய்ந்திருந்தால் பேரிங் பிடித்துக்கொண்டு வளையம் வேகமாக வழுக்கியிருக்கிறது. கிரீஸ் இல்லை, அல்லது தண்ணீர் போயிருக்கிறது. சுற்றிலும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால் பெல்ட் இழுவைபோல ஒரே திசையிலிருந்து வரும் சுமை காரணமாக இருக்கலாம். ஷாப்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஷாப்ட் வளைந்திருக்கிறதா, இம்பெல்லரோ புல்லியோ பேலன்ஸ் இல்லாமல் ஓடுகிறதா என்று சந்தேகப்பட வேண்டும். இந்தக் காரணத்தைச் சரி செய்யாமல் எந்த வழியில் போனாலும் அதே ஷாப்ட் திரும்ப வரும்.

அடுத்தது அளவு. உதாரணத்துக்கு 6205 பேரிங் எடுத்துக்கொள்வோம்: உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மி.மீ. சாதாரண வகையில் உள்விட்டம் 24.990 முதல் 25.000 வரை இருக்கும், ஷாப்ட் 25.002 முதல் 25.011 வரை இருந்தால் நல்ல பிடிப்பு. அதாவது முழு விளையாட்டுமே ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்குக்குள். வெர்னியரை வைத்துக்கொண்டு இதைப் பேசவே முடியாது. 0–25 மைக்ரோமீட்டரும் இந்த அளவில் கடைசிக் கோட்டில் வந்து நின்றுவிடும். 25–50 ஒன்று கையில் இருக்க வேண்டும். மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையில் அளந்து எழுதிவைத்தால் டேப்பராக (ஒரு முனை மட்டும் ஒல்லியாக) தேய்ந்திருக்கிறதா, முட்டை வடிவமாகிவிட்டதா என்பதும் தெரிந்துவிடும்.

இனி வழிகளுக்கு வருகிறேன். பஞ்ச் அடிப்பதை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். பிசானத்துக்கு, அதாவது இங்கே பெரிய நெல் போகத்துக்கு, தண்ணீர் பாய்ச்சுகிற நேரத்தில் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிற சம்சாரி (விவசாயி), "அண்ணாச்சி, சுத்தி நாலு பஞ்ச் அடிச்சு ஏத்திக் குடுங்க, வயலு காயுது" என்பார். அவர் அவசரம் நியாயமானது, ஆனால் வழி சரியில்லை. சென்டர் பஞ்சால் குத்தும்போது ஒவ்வொரு குழியைச் சுற்றியும் சின்ன மேடு எழும்பும், பேரிங் உட்காருவது அந்த மேடுகளின் நுனியில் மட்டும்தான். சீட்டின் பரப்பில் சிறு பங்குதான் உண்மையில் தொடுகிறது. கொஞ்ச நாள் ஓடியதும் நுனிகள் நசுங்கி முன்பைவிட அதிகமாகத் தளரும், அதற்குள் சீட் முழுக்கக் குழியாகிவிட்டதால் அடுத்துச் செய்கிற ஆளுக்கு அளக்கக்கூட நல்ல இடம் மிஞ்சாது. நர்லிங், அதாவது வரியுருளையை அழுத்திச் சொரசொரப்பாக்குவதும் இதே கதைதான். பஞ்சைவிட ஒழுங்கான மேடு, அவ்வளவே வித்தியாசம். நான் இரண்டையும் செய்து கொடுப்பதில்லை.

லாக்டைட் வேறு ரகம். பட்டறையில் லாக்டைட் என்றால் போல்ட்டுக்குப் போடுவதைத்தான் பலர் நினைக்கிறார்கள், பேரிங்குக்கு என்றே தனி வகைகள் இருக்கின்றன. 641 என்பது பிறகு கழற்ற வேண்டியிருக்கும் பேரிங்குக்கு, 638 அதைவிடப் பலமான பிடிப்புக்கு. காற்றுப் படாமல் இரும்புக்கு நடுவே அடைபட்டால்தான் இவை இறுகும், அதனால்தான் இடைவெளி கூடக் கூடப் பலம் குறைகிறது. சீட் முழுக்கச் சமமாகத் தேய்ந்து, விட்டத்தில் 0.05 மி.மீ., அதிகம் போனால் 0.08 வரை குறைந்திருந்தால் லாக்டைட் ஒரு ஒட்டுவேலை என்று நினைக்கத் தேவையில்லை, முறையான தீர்வே அது. இடைவெளி முழுவதும் நிரம்புவதால் முழுப் பரப்பும் சுமையைத் தாங்கும். பஞ்சுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

ஆனால் சுத்தம் இல்லாமல் இது வேலை செய்யாது. பெட்ரோலில் துடைத்தால் எண்ணெய்ப் படலம் கொஞ்சம் தங்கிவிடும். அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியில் கறை வராதவரை துடைக்க வேண்டும். ஷாப்டில் மெல்லிய வளையமாகத் தடவி, பேரிங்கைச் சுழற்றிக்கொண்டே ஏற்றி, வெளியே பிதுங்கியதை உடனே துடைத்துவிட வேண்டும், ஏனென்றால் அது பேரிங்குக்குள் வழிந்தால் பேரிங்கே காலி. கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொண்டதுபோல இருக்கும், முழுப் பலம் வர 24 மணி நேரம் விட வேண்டும். கழற்ற வேண்டுமானால் 250 டிகிரி வரை சூடு காட்டி, சூட்டோடு சூடாக புல்லர் போட்டு இழுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த ஷாப்டுக்கு இது ஆகாது. 0.2 இடைவெளியில் பேரிங் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒட்டிக்கொண்டால் ரோட்டார் 0.1 மையம் விலகிச் சுற்றும், சின்ன மோட்டாரில் சுற்றும் ரோட்டாருக்கும் சுற்றாத ஸ்டேட்டருக்கும் நடுவில் இருப்பதே கால் மில்லி, அரை மில்லி இடைவெளிதான்.

தேய்மானம் அதற்கு மேல் போனால் என் முதல் தேர்வு ஸ்லீவ். வீட்டுப் பட்டறைக்கு இதைப்போல ஒத்துவரும் வழி வேறில்லை. சூடு கிடையாது, ஷாப்ட் வளையாது, தப்பானால் ஸ்லீவை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு இன்னொன்று போடலாம். 25 மி.மீ. சீட்டை 20 வரை இறக்கி, இரண்டரை மில்லிச் சுவருள்ள ஈஎன் 8 ஸ்லீவ் ஏற்றுவது வழக்கம். உள்விட்டத்தை ஷாப்டைவிட 0.02 குறைவாகக் கடைந்து, ஸ்லீவைச் சூடாக்கி ஏற்றலாம். 20 மி.மீ. துளை 200 டிகிரி சூட்டில் ஏறக்குறைய 0.04 விரியும், அது சரசரவென்று உள்ளே போகப் போதும். பாதி வழியில் நின்று யோசிக்க மட்டும் நேரமிருக்காது. சூடாக்க வசதி இல்லையென்றால் 0.03 தளர்வாகக் கடைந்து 638 போட்டு ஒட்டலாம், நான் சின்ன ஷாப்டுகளுக்கு இதைத்தான் அதிகம் செய்கிறேன்.

இதில் கட்டாயம் கவனிக்க வேண்டியது, ஸ்லீவின் வெளிவிட்டத்தை முன்கூட்டியே கடைந்து முடித்துவிடக் கூடாது. அரை மில்லி கூடுதலாக விட்டு, ஏற்றி, இறுகியபிறகு ஷாப்டை இரண்டு சென்டருக்கு (லேத்தின் இரு கூர்முனைகளுக்கு) நடுவே பிடித்து அங்கேயே கடைசி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்போதுதான் புதுச் சீட் பழைய மையத்திலேயே சுற்றும். சென்டர் துளை அடிபட்டிருந்தால் அதை நம்பாமல், நான்கு தாடைச் சக்கில் பிடித்து, தேயாத இடம் ஏதாவது ஒன்றில் டயல் கேஜ் வைத்து நேராக்கிக்கொள்ளுங்கள். லேத்தையும் ஒரு சோதனை போட்டுவிடுங்கள். பழைய லேத்துகளில் சக்குக்குப் பக்கத்துப் பெட்தான் அதிகம் தேய்ந்திருக்கும், 15 மி.மீ. நீளத்திலேயே ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 0.01 வித்தியாசம் காட்டினால் பேரிங் பொருத்தத்தின் முழு விளையாட்டும் அதிலேயே போய்விடும். 25.02 வந்ததும் டூலை நிறுத்திவிட்டு, மீதியை எண்ணெய் தொட்ட நைஸ் உப்புத்தாளால், அடிக்கடி அளந்து, மெதுவாக எடுப்பது நல்லது.

ஸ்லீவ் எங்கே கூடாது என்பதையும் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து. ஷாப்டின் பலம் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. 25ஐ 20 ஆக்கினால் விட்டம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது, பலமோ பாதியாகிவிடுகிறது. 22 வரை மட்டும் இறக்கினால் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். மோனோபிளாக்கில் இது பெரிய கவலை இல்லை. 5 குதிரைத்திறன் மோட்டார் 2880 சுற்றில் ஓடும்போது ஷாப்டை முறுக்கும் விசை 12 நியூட்டன் மீட்டர்தான், 20 மி.மீ. இரும்பு அதைப் பொருட்படுத்தாது. அதுவும் பின்பக்கம், ஃபேன் இருக்கிற முனையில் கிட்டத்தட்ட சுமையே கிடையாது, யோசிக்காமல் ஸ்லீவ் போடலாம்.

மாவு மில் ஷாப்டில் புல்லிக்கு அடுத்த பேரிங் சீட் அப்படி இல்லை. அங்கே பெல்ட் ஷாப்டை ஒரே பக்கமாக இழுத்து வளைக்கிறது, ஷாப்ட் சுற்றுவதால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த வளைவு திசை மாறுகிறது. 1440 சுற்றில் 12 மணி நேரம் ஓடினால் பத்து லட்சம் முறைக்கு மேல். விட்டம் இறங்குகிற மூலையில் டூல் கூர்மையாக ஒரு கோடு போட்டிருந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும். ஸ்லீவ் போட்டே ஆக வேண்டும் என்றால் மூலையில் ஒரு மில்லிக்குக் குறையாமல் வளைவு (ரேடியஸ்) விட்டு, ஸ்லீவின் உள்முனையை அதற்கேற்பச் சாய்த்துவிடுங்கள். உண்மையில் அந்த இடத்துக்கு நான் புது ஷாப்டைத்தான் சொல்வேன்.

வெல்டிங் பில்டப் பற்றிப் பட்டறைகளில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு: இரும்பை இரும்பாலேயே நிரப்புவதால் அதுதான் பலம் என்று. நிரப்பிய இரும்பு பலமானதுதான், பிரச்சினை அதற்கு அடியிலும் ஓரத்திலும் இருக்கிறது. ஈஎன் 8-ல் கார்பன் 0.4 சதவீதம் அளவில் இருப்பதால், குளிர்ந்த ஷாப்டில் நேராக வெல்டிங் வைத்தால் வெல்டிங் வரிக்கு அடுத்த இரும்பு சட்டென்று ஆறிக் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். டூல் அந்த இடத்தில் வழுக்கும், பிற்பாடு விரிசலும் அங்கிருந்தே தொடங்கும். அதோடு சூட்டில் ஷாப்ட் வளையும். ரோட்டார் ஷாப்டாக இருந்தால் பக்கத்திலேயே அலுமினியம் வார்த்த ரோட்டார், சூட்டை அதுவரை போகவிடக் கூடாது.

இவ்வளவும் தெரிந்து செய்தால் வெல்டிங்கும் நல்ல வேலைதான், கரும்புச்சாறு மிஷின் உருளை மாதிரி மெதுவாகச் சுற்றுகிற தடித்த ஷாப்டுக்கு அது ஒத்துவரும். முதலில் தண்ணீர் தெளித்தால் துளி ஒட்டாமல் உருண்டு ஓடுகிற அளவுக்கு, கிட்டத்தட்ட 200 டிகிரிக்கு, ஷாப்டைச் சூடாக்குங்கள். வெல்டிங்குக்கு 7018 என்ற குறைந்த ஹைட்ரஜன் ராடு, ஈரமில்லாமல் காயவைத்தது. கடற்கரைப் பக்கம் திறந்து கிடந்த பாக்கெட்டை அப்படியே போட்டால் அந்த ராடின் நன்மையே போய்விடும். சுற்றிச் சுற்றி வைக்காமல் நீளவாக்கில் ஒரு வரி, அப்புறம் நேர் எதிர்ப்பக்கம் ஒரு வரி என்று மாற்றி மாற்றி வைத்தால் வளைவு குறையும். முடிந்ததும் காய்ந்த சாம்பலிலோ சுண்ணாம்புப் பொடியிலோ புதைத்து மறுநாள்வரை ஆறவிடுங்கள். கடைவதற்கு முன் சென்டரில் பிடித்து டயல் கேஜால் வளைவு பாருங்கள். லேத்தில் மாட்டியபடியே வெல்டிங் வைக்காதீர்கள்: எர்த்தை பெட்டில் கவ்வினால் கரண்ட் லேத்தின் ஸ்பிண்டில் பேரிங் வழியாகப் பாய்ந்து அதில் குழி விழும், ஒரு ஷாப்டைக் காப்பாற்றப் போய் லேத்தை இழப்பீர்கள். பவர் டில்லர் கியர்பாக்ஸ் ஷாப்ட் போன்றவற்றில் முதலில் அரத்தால் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பாருங்கள். அரம் பிடிக்காமல் வழுக்கினால் அது கடினப்படுத்திய ஷாப்ட், அதில் வெல்டிங் கம்பியைத் தொடவே கூடாது.

புது ஷாப்ட் என்றால் செலவு என்று பயப்படுகிறார்கள். நேரான, படிகள் மட்டுமுள்ள ஷாப்டுக்கு நெல்லை இரும்புக்கடையில் ஈஎன் 8 பார் ஒரு துண்டு வாங்கி ஒரு பகலில் கடைந்துவிடலாம், வெல்டிங் வைத்துச் சூடாக்கி ஆறவைத்துக் கடைகிற நேரமும் அவ்வளவுதான் ஆகும். கஷ்டம் கீவேதான், அதாவது புல்லியைப் பூட்டும் கீ உட்காரும் பள்ளம். 25 மி.மீ. ஷாப்டுக்கு 8 மி.மீ. அகலக் கீ. மில்லிங் இல்லாதவர்கள் கடைசல் முடித்துவிட்டுக் கீவேக்கு மட்டும் வெளியே கொடுக்கலாம். மோட்டார் ஷாப்டில் இன்னொரு சிக்கல், ரோட்டாரைப் பழைய ஷாப்டிலிருந்து பிதுக்கி எடுக்க ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும், சுத்தியலால் அடித்து எடுத்தால் ரோட்டார் தகடுகள் விரிந்துவிடும். பிரஸ் கிடையாது என்றால் மோட்டாருக்கு ஸ்லீவ்தான். ஆனால் சீட்டும் தேய்ந்து, கீவேயும் அகன்று, ஷாப்டும் வளைந்திருக்கிறது என்றால் மூன்றையும் தனித்தனியாகச் சரி செய்ய உட்காராதீர்கள், புதுசு போடுங்கள்.

தேய்ந்த இடத்தில் உலோகத்தைப் படியவைக்கிற ஹார்டு குரோம், மெட்டல் ஸ்ப்ரே இரண்டும் வீட்டில் செய்கிற வேலை இல்லை, கோயம்புத்தூர் பக்கம் அனுப்பி வாங்க வேண்டும். குரோம் போட்டால் கிரைண்டிங்கும் தேவை. விலை உயர்ந்த மிஷினின் ஷாப்டுக்குப் பொருந்தும், கிணற்று மோட்டாருக்கு இல்லை.

பம்பில் தண்ணீர் கசியாமல் அடைக்கிற கிளாண்டு கயிறு உரசுகிற இடம் தேய்ந்திருந்தால் அது தனிக் கணக்கு. திசையன்விளை, உவரி பக்கத் தேரி மணல் கலந்த தண்ணீரில் அந்த இடம் வரிவரியாக அறுந்துபோகும். அங்கே வெல்டிங், லாக்டைட் எதுவும் யோசிக்க வேண்டாம், கன்மெட்டல் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் ஒன்றே வழி. அது தேய்வதற்கென்றே போடுவது, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

ஷாப்டைச் சரி செய்யும்போது, பேரிங்கின் வெளிவளையம் உட்காரும் மோட்டார் மூடியையும் அளந்துவிடுங்கள். வெளிவளையம் மூடிக்குள் சுற்றியிருந்தால் 52 மி.மீ. துளையும் பெரிதாகியிருக்கும். வார்ப்பிரும்பு மூடியில் வெல்டிங் வைத்தால் விரிசல் விடும். துளையை 58 வரை போரிங் போட்டு, மூன்று மில்லிச் சுவருள்ள புஷ் இறக்கி, 52.00 முதல் 52.03க்குள் முடிப்பதே நல்லது. மூடியை மோட்டார் பாடியில் உட்காரும் படியை வைத்து டயல் கேஜால் நேராக்கிய பிறகுதான் போரிங் தொடங்க வேண்டும். வெளி ஓரத்தை நம்பினால் துளை மையம் விலகும், அது வார்ப்பு மட்டும்தான்.

பிசான அவசரத்தில் வருகிற மோட்டாருக்கு என் வழி இது: தேய்மானம் 0.1க்குள் இருந்தால் அன்றைக்கே சுத்தம் செய்து லாக்டைட் போட்டுப் புதுப் பேரிங் ஏற்றி, மறுநாள் இதே நேரம்வரை ஓட்டாதீர்கள் என்று சொல்லி அனுப்புவது. அதற்கு மேல் தேய்ந்திருந்தால் ஒரு நாள் கேட்டு வாங்கி ஸ்லீவே போட்டுவிடுவது. 0.08க்கும் 0.1க்கும் நடுவில் எல்லையில் நின்றதை லாக்டைட்டில் அனுப்பினால், மாசி, பங்குனியில் அறுப்பு முடிந்து மோட்டார் சும்மா கிடக்கும்போது திரும்பக் கொண்டுவரச் சொல்லி, மூடியின் உள்பக்கம் மார்க்கரில் அளவையும் தேதியையும் எழுதிவைக்கிறேன். அப்போது கழற்றி அளந்தால் ஸ்லீவ் தேவையா, அப்படியே விடலாமா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, மைக்ரோமீட்டரே சொல்லிவிடும்.